ஓடுதளத்தில் கடிகாரம், மேடுபள்ளத்தில் மூச்சு

ஓடுதளத்தில் மாதக்கணக்கில் பயிற்சி செய்து, ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் ஓடப் பழகிய ஒருவர், முதன்முறை மலைப்பாதைக்குப் போகும்போதும் அதே வேகத்தைப் பிடிக்க முயன்று, இரண்டாவது ஏற்றத்திலேயே மூச்சிரைத்து நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவருடைய உடல்திறனில் குறை ஏதுமில்லை. ஓடுதளத்தின் அளவுகோல் மலையில் செல்லாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓடுதளத்தின் சிறப்பு அதன் அளவுத் துல்லியம். முதல் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்பதால், வெளியே தள்ளிப் போகும் ஒவ்வொரு தடத்துக்கும் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடிக்கொண்டே போய், எட்டாவது தடத்தில் ஏறக்குறைய 453 மீட்டர் ஆகிவிடும். எனவே நேரம் பார்த்து ஓடும் நாளில் முதல் தடத்தில் ஓடுங்கள். உடலைச் சூடேற்றும் மெல்லோட்டத்துக்கு வெளித் தடங்களைப் பயன்படுத்துங்கள். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் உங்கள் இலக்கானால், 200 மீட்டர் குறியைக் கடக்கும்போது கடிகாரம் சரியாக ஒரு நிமிடம் காட்ட வேண்டும். தொடக்கப் பயிற்சியாக, இடையிடையே 200 மீட்டர் மெல்லோட்டம் வைத்து ஆறு முறை 400 மீட்டர் ஓடிப் பாருங்கள். கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட மெதுவாக முடிந்தால், முதல் சுற்றை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடிவிட்டீர்கள் என்று பொருள். வளைவுகளில் எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடுவதால் இரு கால்களின் மீதும் சுமை ஒரேபோல் விழுவதில்லை. தளம் காலியாக இருந்து, அங்குள்ள விதியும் அனுமதித்தால், மெல்லோட்டத்தை எதிர்த்திசையில் ஓடுவது நல்லது.

மேடுபள்ளமான பாதையில் தூரத்தை மறந்துவிட்டு, நாற்பது நிமிடம் என்பதுபோல் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா என்பதே அங்கே வேகமானி. ஏற்றத்தில் அடியைச் சுருக்குங்கள், இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள். செங்குத்தான இடத்தில் நடப்பதற்குத் தயங்கவே வேண்டாம், தேர்ந்த மலை ஓட்டக்காரர்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள்.

உண்மையான பாடம் இறக்கத்தில்தான் இருக்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. சமதளத்தில் மட்டும் ஓடிய தசைக்கு இந்த வேலை புதிது. அதனால்தான் அன்று ஒன்றும் தெரியாமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ படியிறங்க முடியாத அளவுக்கு வலி வருகிறது. முதலில் நீளம் குறைந்த, சாய்வு குறைந்த இறக்கங்களில் ஓடிவிட்டால், அடுத்த முறை அதே இறக்கத்துக்கு வலி வெகுவாகக் குறைந்துவிடும். குதிகாலை முன்னே ஊன்றிப் பிரேக் போடாமல், பாதம் உடலுக்கு நேர்கீழே விழும்படி சிறிய, விரைவான அடிகளாக வையுங்கள். பார்வை காலடியில் அல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். காலுக்கடியில் ஒரு கல் உருண்டால் அதன்மேல் நிலைத்து நிற்க முயல வேண்டாம். நகர்வதை உணர்ந்த கணமே அடுத்த அடியை எடுத்து வைத்துவிட்டால், முழு எடையும் அந்தக் கணுக்காலில் இறங்காது.

ஓடுதளமும் மலைப்பாதையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், அவருடைய இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஓடுதளம், ஒரு நாள் மேடுபள்ளம், மற்ற நாள்களில் எளிய ஓட்டம் என்று தொடங்கினால் போதும். நீண்ட இறக்கம் ஓடிய பின் தொடை வலி முழுவதும் தீரும்வரை ஓடுதளத்தில் வேகப் பயிற்சி வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே மலைப்பாதையை, பேச முடிகிற அதே மூச்சளவில் ஓடி, முடிக்க ஆன நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். மலையில் வேகத்தை அளக்கக் கடிகாரத்துக்கு வேலை இருப்பது அந்த ஒரு நாளில்தான்.