டாலியில் கார் கட்டினால் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்

டோ டாலி என்பது காரை இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி இழுக்கும் இரண்டு சக்கரச் சிறு வண்டி. காரின் முன்சக்கரம் இரண்டும் அதன் மேலே, பின்சக்கரம் இரண்டும் ரோட்டில். அதனால் ஃப்ரண்ட் வீல் டிரைவ் கார்தான் இதற்குத் தோது. பின்சக்கரம் இழுக்கும் காரென்றால் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றாமல் கிளம்பக் கூடாது. கியர்பாக்ஸ் ஆயில் ஏறாமல் சுற்றிச் சுற்றியே வெந்துவிடும். நாலு வீலும் இழுக்கும் வண்டிக்கு டாலி வேண்டாம், முழு வண்டியையும் சுமக்கும் டிரெய்லர் பாருங்கள்.

சமதரையில் இழுக்கும் வண்டியும் டாலியும் நேர்கோட்டில் நிற்கட்டும். டாலியின் முனையிலுள்ள கப்ளரை, இழுக்கும் வண்டியின் பின்னாலுள்ள இரும்புப் பந்தில் உட்கார வைத்துப் பூட்டு ஊசியைப் போட்டதும், டாலியின் முன்கம்பியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பேன். இழுக்கும் வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பூட்டு சரி. சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் தரையில் விழாமல் அது ஏந்திக்கொள்ளும்.

காரை மெதுவாக ஏற்றி, டயர் இரண்டும் முன்தடுப்பில் முட்டியதும் நிறுத்துங்கள். இனிமேல்தான் வேலையே.

பெல்ட்டை டயரின் மேல் போடும்போது முறுக்கில்லாமல் தட்டையாகப் படிய வேண்டும். ஒரு முறுக்கு விழுந்தால் வழியில் அது நிமிரும், அந்த அளவுக்குப் பிடி தளரும். இடது பக்கம் நாலு கிளிக், வலது பக்கம் நாலு கிளிக் என்று மாறி மாறி ராட்செட்டை, அதாவது பெல்ட்டை இழுத்து இறுக்கும் பல்சக்கரப் பிடியை, இறுக்குவேன். ஒரே பக்கத்தை முழுசாக இறுக்கினால் கார் கோணிக்கொண்டு உட்காரும். டயரின் பக்கச்சுவர் லேசாகப் பிதுங்கி, பெல்ட்டுக்கு அடியில் விரல் நுழையாத அளவு இறுகினால் போதும். ராட்செட் கைப்பிடியை மடக்கிப் பூட்டி, மிச்சப் பெல்ட்டைச் சுருட்டிக் கட்டுங்கள். காரின் அடிச்சட்டத்துக்கும் டாலிக்கும் தனியாக ஒரு சங்கிலி. ஸ்டியரிங்கைப் பூட்டுவதா விடுவதா என்பது டாலிக்கு டாலி மாறும்; அதோடு வந்த குறிப்பில் இருக்கும்.

பிறகு காரின் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாயிற்றா என்று பாருங்கள். என்னோடு வந்த பையன் ஒருமுறை, "எல்லாம் பாத்துட்டேண்ணே" என்றான். கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாடை. இறங்கினால் பின்டயர் இரண்டும் சுற்றாமலே தேய்ந்து, தரை தொட்ட இடம் சப்பையாகிக் கிடந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கடைசியாகக் கார்க் கதவைச் சாத்தியது நான்தான். பட்டனில் இயங்கும் பார்க்கிங் பிரேக் இன்னும் ஏமாற்றும்: சில கார்களில் இன்ஜினை அணைத்ததும் தானே பிடித்துக்கொள்ளும். பின்டயர் உருளுகிறதா என்று ஓரடி நகர்த்திக் கண்ணால் பாருங்கள்.

இழுபடும் காரின் பின்னால் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் எரிய வேண்டும். காருக்குள் யாரும் உட்காரக் கூடாது.

கிளம்பி ஏழெட்டு கிலோமீட்டரில் ஓரங்கட்டுங்கள். குலுங்கலில் டயர் இன்னும் அமுங்கியிருக்கும், பெல்ட் நிச்சயம் இளகியிருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று கிளிக் எனக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீர்கள். டாலி ஒரு பக்கம் மடங்கும், கார் இன்னொரு பக்கம் போகும். ஒரு முட்டுச்சந்துக்குள் தெரியாமல் நுழைந்து, காரை இறக்கி, டாலியைக் கழற்றிக் கையால் திருப்பி, மறுபடி முதலிலிருந்து கட்ட எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.