ஜெர்மனிக்கு வந்திறங்கிய செவிலியருக்கு: அங்கீகாரம் கைக்கு வரும்வரை

சென்னையிலோ மதுரையிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து ஆண்டு வேலை பார்த்தவராகவே இருங்கள். ஜெர்மனியில் இறங்கும் நாளில் சட்டப்படி நீங்கள் செவிலியர் அல்ல. அந்தத் தொழிற்பெயரைச் சொல்லிக்கொள்ள இங்கே அரசு தரும் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதை ஊர்குண்டே என்கிறார்கள். அது வரும்வரை உங்கள் ஒப்பந்தத்தில் பராமரிப்பு உதவியாளர் என்றுதான் இருக்கும், சம்பளமும் அதற்கேற்றதுதான். ஊரில் உறவினர் “இன்னும் நர்ஸ் ஆகவில்லையா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வலிக்கும். ஆனால் இங்கே யாரும் உங்கள் அறிவை எடைபோட்டுக் குறைவு என்று தீர்ப்பளிக்கவில்லை. உங்கள் படிப்பின் மணிநேரங்களை ஜெர்மன் படிப்பின் மணிநேரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இந்த உதவியாளர் காலத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குவதுதான் உங்கள் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

முதல் இரண்டு வாரங்கள்

வீட்டுக்குக் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்னும் இந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது. அந்த எண் வராவிட்டால் முதல் சம்பளத்திலேயே அதிக வரி பிடித்துவிடுவார்கள். பதிவின்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ ஜெர்மன் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர் என்றோ எழுதினால், வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரி சேரும். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலருக்கு இது சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. எழுதலாமா கூடாதா என்பது உங்கள் மனசாட்சி, தெரிந்து எழுதுங்கள்.

திருமணமானவர்களுக்கு இன்னொன்று. கணவரோ மனைவியோ இந்தியாவில் இருக்கும்வரை உங்களுக்கு முதலாம் வரிப் பிரிவுதான். குறைவாக வரி பிடிக்கும் மூன்றாம் பிரிவு கிடைக்கும் என்று யாராவது சொல்லி, அதை நம்பிக் கடன் தவணையைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டையும் வங்கிக் கணக்கையும் பெரும்பாலும் வேலை கொடுப்பவரே முன்னின்று முடித்துத் தருவார். தட்டம்மைத் தடுப்பூசிக்கான சான்றை மட்டும் கையில் வைத்திருங்கள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களிடம் 2020 முதல் சட்டப்படி அதைக் கேட்கிறார்கள்.

உங்கள் பெஷைட்டை நீங்களே படியுங்கள்

அங்கீகார அலுவலகம் அனுப்பும் முடிவுக் கடிதம்தான் பெஷைட். பலர் அதை முகவரிடமோ மருத்துவமனையின் பணியாளர் பிரிவிடமோ கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் கடிதம். அகராதியை வைத்துக்கொண்டாவது வரிவரியாகப் படியுங்கள்.

ஜெர்மன் செவிலியப் படிப்பு மூன்று ஆண்டு: வகுப்பறையில் 2100 மணிநேரம், நோயாளிகளிடம் 2500 மணிநேரம். நம்முடைய ஜிஎன்எம் ஆகட்டும் பிஎஸ்சி ஆகட்டும், மொத்த மணிநேரத்தில் பெரிய இடைவெளி இராது. இடிப்பது பிரிவுகளில்தான். முதியோர் இல்லத்தில் நீண்டகாலப் பராமரிப்பு, நோயாளியின் வீட்டுக்கே போய்ச் செய்யும் பராமரிப்பு ஆகியவற்றில் நம் மாணவர்களுக்குப் பயிற்சி மிகக் குறைவு. பெஷைட்டில் ‘பற்றாக்குறை’ என்று பெரும்பாலும் வருவது இவைதான். அந்தத் துறைகளில் வேலை பார்த்த அனுபவம் இருந்து, அதைச் சான்றோடு காட்டினால் பற்றாக்குறையை ஈடுசெய்ய முடியும். ஆகவே பழைய மருத்துவமனையிலிருந்து வாங்கும் அனுபவச் சான்றிதழில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. எந்த வார்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், என்னென்ன வேலை என்று விவரமாக எழுதி வாங்குங்கள். கல்லூரியிலிருந்து வரும் மணிநேரப் பட்டியலும் அப்படியே. அங்கே ஒரு பக்கம் விடுபட்டால் இங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆவணம் முழுமையாகச் சேர்ந்த பிறகுதான் அலுவலகம் நாளை எண்ணத் தொடங்கும்.

எந்த அலுவலகம் என்பது நீங்கள் வேலை பார்க்கும் மாநிலத்தைப் பொறுத்தது. பவேரியாவுக்கு ஆம்பெர்க், பாடன் வூர்ட்டெம்பெர்குக்கு ஸ்டுட்கார்ட், நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவுக்கு மூன்ஸ்டர். ஒரு மாநிலத்தில் தோழிக்குச் சரியாக வந்த காகிதம் உங்கள் மாநிலத்தில் போதாமல் போகலாம். வாட்ஸ்அப் குழுவில் வரும் பட்டியலை நம்பாமல் உங்கள் மாநில அலுவலகத்தின் பட்டியலையே பாருங்கள்.

2024 முதல் வேறொரு வழியும் இருக்கிறது. விரிவான ஒப்பீடே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நேரே தேர்வுக்கோ பயிற்சிக்கோ போகலாம். பழைய கல்லூரியிலிருந்து பாடத்திட்டம் வாங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இது நல்ல வழி. பல ஆண்டு அனுபவமும் முழுமையான ஆவணங்களும் கையில் இருப்பவர்கள் மட்டும் அவசரப்பட்டு ஒப்பீட்டை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெயர்

தமிழ்நாட்டுச் செவிலியர் பலருடைய கோப்பு நிற்கும் இடம் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். திருமணத்துக்குப் பின் மாற்றியிருந்தால் செவிலியர் கவுன்சில் பதிவில் கணவர் பெயர். நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஜெர்மன் அலுவலருக்கு மூன்று ஆட்கள்.

ஊரில் இருக்கும்போதே மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்த பிறகு எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஓர் எழுத்துகூட மாறாமல். இன்னொன்றுக்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்: வார்டில் உங்களை ‘ஃப்ராவ் (திருமதி) முருகேசன்’ என்று அப்பாவின் பெயரால்தான் அழைப்பார்கள். முதல் சில நாட்கள் திரும்பிப் பார்க்கத் தோன்றாது, பழகிவிடும்.

தேர்வா, பயிற்சியா

பற்றாக்குறையைத் தீர்க்க இரண்டு பாதைகள். ஒன்று அன்பாசுங்ஸ்லேர்காங் எனும் தகவமைப்புப் பயிற்சி. பெஷைட்டில் சொன்ன பிரிவுகளில் சொன்ன காலம் வேலை பார்த்து, வகுப்புக்கும் போய், கடைசியில் ஓர் உரையாடலோடு முடிப்பது. மற்றது கென்ட்னிஸ்ப்ரூஃபுங் எனும் அறிவுத் தேர்வு. வாய்மொழிப் பகுதி 45 முதல் 60 நிமிடம். செய்முறைப் பகுதியில் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் நான்கு பராமரிப்புச் சூழல்கள். ஒவ்வொன்றுக்கும் 120 நிமிடம் வரை. தவறினால் ஒவ்வொரு பகுதியையும் ஒரு முறைதான் திரும்ப எழுதலாம்.

என் கருத்தைக் கேட்டால், ஜெர்மன் மொழியில் இடைநிலையான பி1இலேயே தடுமாறிக்கொண்டிருப்பவர் பயிற்சியை எடுப்பது நல்லது. வார்டே மொழியைக் கற்றுத்தரும். மொழி ஓரளவு கைவந்து, மருத்துவமனையில் நல்ல ப்ராக்சிஸ்அன்லைட்டரும் இருந்தால் தேர்வுக்குப் போங்கள், விரைவில் முடியும். ப்ராக்சிஸ்அன்லைட்டர் என்பவர் பயிற்சியளிப்பதற்கென்றே தகுதி பெற்ற மூத்த செவிலியர். உங்கள் பணிநேர அட்டவணையில் அவரோடு சேர்ந்து வேலை செய்யும் நாட்கள் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி உங்களைக் குளிப்பாட்டும் வேலையிலேயே மாதக்கணக்கில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கே பொறுமையாக இருப்பது நல்ல குணமாகத் தெரியும். விசா காலமோ போய்க்கொண்டே இருக்கும். அங்கீகாரத்துக்கான விசா 24 மாதம் வரைதான், மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம்.

வார்டில் மாறுவது

நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாம் கூட இருக்கும் உறவினர் வேலை. செவிலியர் ஊசி போடுவார், டிரிப் ஏற்றுவார், கேஸ் ஷீட் எழுதுவார். இங்கே உறவினர் பார்க்க வருவார், போய்விடுவார். உடல் பராமரிப்பு முழுவதும் நம் கையில். ஐவி கேனுலா (ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் குழாய்) போடுவதை பல மருத்துவமனைகளில் மருத்துவர்களே வைத்துக்கொள்கிறார்கள். கைத்திறமை வீணாகிறதே என்று வருத்தப்படாத தமிழ்ச் செவிலியரை நான் பார்த்ததில்லை. ஆனால் காலையில் ஒருவரைக் குளிப்பாட்டும் அந்த இருபது நிமிடத்தில்தான் தோல் சிவந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, நேற்றைவிடக் குழப்பமாகப் பேசுகிறாரா என்று தெரியும். 2020 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், ஒருவருக்கு என்ன பராமரிப்பு வேண்டும் என்று மதிப்பிட்டுத் திட்டமிடுவதைச் செவிலியருக்கு மட்டுமே உரிய பொறுப்பாக ஒதுக்கியிருக்கிறது. மருத்துவர்கூட அதில் இல்லை. தேர்விலும் இதைத்தான் தோண்டுவார்கள்: படுக்கைப் புண், கீழே விழுதல், நிமோனியா, ரத்த உறைவு இவற்றைத் தடுக்க என்ன செய்வீர்கள், ஏன் செய்வீர்கள்?

கட்டிலின் பக்கக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைகளில் முதியவர் படுத்ததும் யோசிக்காமல் கம்பியை ஏற்றிவிடுவோம், அது அக்கறை. இங்கே எழுந்து நடக்கக்கூடிய ஒருவரின் சம்மதமில்லாமல் ஏற்றினால் அது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது. உடனடி ஆபத்து இல்லாதவரை நீதிபதியின் அனுமதி வேண்டும். கட்டிலைத் தாழ்த்துவது, தரையில் மெத்தை போடுவது, அழைப்பு மணியைக் கைக்கு எட்டும்படி வைப்பது என்று வேறு வழிகளை முதலில் யோசிக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் பழக்கதோஷத்தால் கை தானாகக் கம்பிக்குப் போகும். இன்றிலிருந்தே நிறுத்திப் பழகுங்கள்.

மருத்துவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அவர் சொன்ன மருந்தளவு தவறாகத் தோன்றினால் கேட்கலாம். கேட்காமல் விட்டால்தான் குற்றம். அதேபோல, வேளை மாறும்போது நடக்கும் பணி ஒப்படைப்பில் புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். “புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்” என்று ஒரு வேளையில் பத்து முறை கேட்டாலும் உங்களை யாரும் திறமையற்றவர் என்று நினைக்க மாட்டார்கள். மருந்தைத் தவறாகக் கேட்டுக்கொண்டால் நினைப்பார்கள்.

மொழி

ஊர்குண்டேக்கு வழக்கமாகக் கேட்பது பி1க்கு அடுத்த மொழி நிலையான பி2. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் தேர்ச்சி பெற்ற ஜெர்மனுக்கும் பவேரியக் கிராமத்துப் பாட்டி பேசும் ஜெர்மனுக்கும் தொடர்பே இல்லை என்று முதல் வாரம் தோன்றும். வட்டார வழக்கு சில மாதத்தில் காதுக்குப் பிடிபடும். தொலைபேசிதான் கடைசிவரை கடினம். அதை எடுக்காமல் ஒதுங்குபவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஜெர்மன் மத்திய அரசின் குடியேற்ற அலுவலகம் நடத்தும் தொழில்மொழி வகுப்புகளில் செவிலியருக்கென்று தனி வகுப்புகளும் உண்டு. பணிநேரத்தை அதற்கேற்ப மாற்றித் தரும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அறைத்தோழிகள் எல்லோரும் தமிழ் என்றால் மனத்துக்கு ஆறுதல்தான், மொழிக்கு இழப்பு. தமிழர் துணை வேண்டாம் என்று சொல்லவில்லை. 1980களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல நகரங்களில் வேரூன்றியிருக்கின்றன. அலுவலகக் கடிதம் ஒன்றை வாசித்து எங்கே போக வேண்டும் என்று சொல்லக்கூடிய அக்காமாரும் அண்ணன்மாரும் அவர்களிடையே நிறையப் பேர். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. அதன் தேர்த்திருவிழாவுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள்.

ஒப்பந்தமும் பணமும்

குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் மொழி வகுப்புக்கும் பயணத்துக்கும் ஆன செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கலாம். அப்படி எழுதப்பட்ட பிரிவுகள் எல்லாமே நீதிமன்றத்தில் செல்லும் என்பதில்லை. பயந்து கையெழுத்திடுவதற்கு முன்போ பணம் கட்டுவதற்கு முன்போ ‘ஃபேரே இன்டெக்ராட்சியோன்’ ஆலோசனை மையத்துக்குப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த தொழிலாளருக்கான இலவச மையம் அது. ஊரில் இருந்து இன்னும் கிளம்பாத தங்கைகளுக்குச் சொல்லுங்கள்: நேர்மையான ஆள்சேர்ப்புக்கு ஜெர்மன் அரசு தரும் தரமுத்திரை பெற்ற நிறுவனங்கள் செவிலியரிடம் தரகுப் பணம் வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியரை அனுப்புகிறது. தெருமுனை முகவரிடம் போகும் முன் அங்கே விசாரிக்கட்டும்.

உடம்புக்கு முடியாவிட்டால் பணி தொடங்கும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நான்கு வாரத்துக்கு இந்த உரிமை கிடையாது. அப்போது காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வேலை கொடுப்பவரை மாற்ற நினைத்தால் வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேட்காமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். உங்கள் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும்.

ஊர்குண்டே வந்த அன்று

மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகராட்சியில் சான்றளித்த நகல் எடுத்து அதைப் பணியாளர் பிரிவில் கொடுத்து, புதிய சம்பளம் எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். பொதுத்துறை ஊதிய ஒப்பந்தம் பின்பற்றும் மருத்துவமனைகளில் உதவியாளருக்கான ஊதியப் பிரிவு P5இலிருந்து செவிலியருக்கான P7க்கு நீங்கள் மாற வேண்டும். தாமதமானால் மருத்துவமனையின் பணியாளர் பேரவையிடம் போங்கள். அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள். இந்திய அனுபவத்தைச் சம்பளப் படிநிலையில் கணக்கில் எடுப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

அடுத்த வாரமே வெளிநாட்டவர் அலுவலகத்தில் தகுதிபெற்ற பணியாளருக்கான வதிவிட அனுமதிக்கு மாற விண்ணப்பியுங்கள். நிரந்தர வதிவிடத்துக்கான மூன்று ஆண்டுக் கணக்கு அந்த அனுமதியிலிருந்துதான் தொடங்குகிறது.