படகில் ஃபோர்ட் கொச்சி: குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, தண்ணீர், குடை பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. எர்ணாகுளத்தில் படகேறி, ஒரே நாளில் ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் பார்த்துத் திரும்ப நினைக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் அதே சில இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன. பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

கிழமை பார்க்காமல் கிளம்புவது

வெள்ளிக்கிழமை இரவு ரயில், சனிக்கிழமை காலை எர்ணாகுளம், குளித்துவிட்டு நேரே படகுத்துறை. பெரும்பாலோரின் திட்டம் இதுதான். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயம் அன்று திறக்காது; யூதப் பண்டிகை நாள்களிலும் அப்படியே. சரி, வெள்ளிக்கிழமையே போய்விடலாம் என்றால், அருகிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அன்றுதான் விடுமுறை.

ஒரு சனிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரை அந்தப் பூட்டிய வாசலில் பார்த்தேன். "உள்ளே என்ன தாத்தா இருக்கிறது?" என்று பேத்தி கேட்க, அவர் படித்ததையெல்லாம் வெளியில் நின்றே சொல்லிக்கொண்டிருந்தார். பயணத்தை ஏற்பாடு செய்தவர், எந்த நாளும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு போன் செய்து விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

உள்ளே இருப்பது சாதாரணமல்ல. 1568-இல் கட்டிய ஆலயம். தரை முழுவதும் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய டைல்கள். குனிந்து பாருங்கள்: ஒன்றில் மரக்கிளை சற்று நீண்டிருக்கும், பக்கத்தில் உள்ளதில் அதே கிளை தடித்து வளைந்திருக்கும். பிள்ளைகள் வித்தியாசம் தேடி அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகவே ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையில் முதலில் மட்டாஞ்சேரி, பிறகு ஃபோர்ட் கொச்சி. மாற்றிப் போட்டால் ஜெப ஆலயத்தின் மதிய இடைவேளையில் போய் மாட்டிக்கொள்வீர்கள். சனிக்கிழமை வந்து இறங்குகிறவர்கள் அன்று எர்ணாகுளத்தைச் சுற்றிவிட்டு மறுநாள் படகேறலாம்.

அரண்மனையை வெளியே பார்த்துத் திரும்புவது

வெளித்தோற்றம் எளிமையானது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். போர்த்துகீசியர் கட்டியதை டச்சுக்காரர்கள் பின்னர் சீரமைத்ததால் டச்சு அரண்மனை என்ற பெயரும் உண்டு. உள்ளே சுவர் நிறைய இராமாயண ஓவியங்கள்.

மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நடந்தே போவது

பெரியவர்கள் உடன் வந்தால் வேண்டாம். ஆட்டோ பேசும்போதே, வழியில் கடைகளுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"இதுதான் வாஸ்கோ ட காமா கல்லறை"

1524-இல் கொச்சியில் இறந்தவரை ஃபோர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் 1539-இல் உடலின் எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அங்கே இருப்பது அந்த இடத்தைக் காட்டும் கல். பிள்ளைகளிடம் சரியாகச் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் வழிபாடு முடிந்த பிறகே உள்ளே போங்கள்.

திரும்பும் படகை மறப்பது

ஃபோர்ட் கொச்சிக் கரையின் சீன மீன்பிடி வலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் கூட்டம் மொத்தமும் படகுத்துறைக்குத்தான் வரும். வாட்டர் மெட்ரோ என்ற மின்படகுச் சேவையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றமாட்டார்கள். அரசுப் படகும் வாட்டர் மெட்ரோவும் எர்ணாகுளத்தில் வெவ்வேறு துறைகளிலிருந்து போகின்றன. காரை எங்கே நிறுத்தினீர்கள் என்பதை நினைவில் வைத்துப் படகைத் தேர்ந்தெடுங்கள். கைக்குழந்தை இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. மற்றவர்கள், காலையில் வந்து இறங்கும்போதே கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.