வாசிப்புப் பாடவேளையில் செய்யக்கூடாதவை

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையான எங்களுக்குப் புதிதாக வந்த இரண்டு டீச்சர்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷத்துக்கு முன் நான் ஆடிய அதே கூத்து. சின்னச் சறுக்கல்களை விடுகிறேன், அவை தானாகப் பிடிபடும்.

சுருக்கம் எழுதச் சொல்வது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். தரம் நான்கு பிள்ளைகளிடம் "பிடித்த புத்தகத்தை எடுங்கள்" என்றேன். கையோடு ஒரு கொப்பியும் கொடுத்தேன்: தலைப்பு, ஆசிரியர் பெயர், ஐந்து வரிச் சுருக்கம். யாராவது பார்வையிட வந்தால் காட்டலாமே!

ஒரு பிள்ளை நரிப் படம் போட்ட 12 பக்கப் புத்தகத்தையே வாராவாரம் எடுத்தாள். நரி என்றால் உயிர் போலிருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். தவணை முடிவில் கொப்பியைத் திறந்தால் ஏழு வாரமும் அதே ஐந்து வரி, அதே எழுத்துப்பிழை. கேட்டேன்.

"இதுதான் டீச்சர் சின்னது. சீக்கிரம் எழுதி முடிச்சிரலாம்."

மற்றக் கொப்பிகளையும் புரட்டினேன். தேயிலைக்குள் சிறுத்தை வந்த கதையை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ராத்திரியெல்லாம் பேசுகிற பிள்ளைகள், 48 பக்கச் சிறுத்தைப் புத்தகத்தைத் தொடவே இல்லை. வாசிக்க அல்ல, எழுத வசதியாகத்தான் தெரிவு செய்திருக்கிறார்கள். கொப்பியை நிறுத்திய மறுவாரம் சிறுத்தைக்கு அடிபிடி.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்பேன்: "இதை அடுத்து யாருக்குக் குடுக்கலாம்?" பதிவு வேண்டுமென்றால், யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று குறிக்கும் இரவல் கொப்பி போதும்.

ஐந்து விரல் கணக்கு

ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் வேறு புத்தகம் எடு என்பார்கள். ஆங்கில வாசிப்புக்குச் சொல்லப்பட்ட முறை. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் தெரியாத சொல்லில் அல்ல, "ஓடிக்கொண்டிருந்தபோது" மாதிரி நீளத்தில். ஒருதரம் சத்தமாக வாசித்துக் காட்டினால், "ஓ, ஓடிக்கிட்டு இருந்தப்பவா!" என்பான். அதற்கு எதற்கு விரல்?

அலுமாரியைப் பூட்டுவது

எங்கள் ஊர் மழைக்கு, பூட்டிய அலுமாரிக்குள் புத்தகத்தைப் பூஞ்சணம்தான் வாசிக்கும்.

"இது உனக்குக் கஷ்டம்"

சொல்லாதீர்கள்.

புலமைப்பரிசிலுக்குப் பாடவேளையைக் கொடுப்பது

தரம் ஐந்து வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் செய்ய அந்த நாற்பது நிமிஷத்தைக் கேட்பார்கள். "ஒரு மாசம்தானே டீச்சர்." சரி என்றேன். திருப்பி வாங்க இரண்டு தவணை ஆனது.