3 லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்டி கார்: காலேஜ் பிள்ளைகளுக்கு

முதலில் மெக்கானிக்கைப் பிடியுங்கள், அப்புறம் வண்டியைத் தேடுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் சிவப்பு கலர் போலோ ஜி.டி. ஒன்றைப் பார்த்து மயங்கி, அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியும் விட்டு, கியர்பாக்ஸ் மக்கர் பண்ணின பிறகுதான் 'இதை யாருங்க பாப்பாங்க' என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்தோ காலேஜிலிருந்தோ எட்டும் தூரத்தில், ஒரு குறிப்பிட்ட கம்பெனி வண்டியை நன்றாகத் தெரிந்த, நியாயமாகக் காசு வாங்குகிற ஆள் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அந்தக் கம்பெனி வண்டிதான் உங்களுக்கு ஏற்றது. சென்னையிலும் கோவையிலும் ஃபோர்டு, ஃபோக்ஸ்வேகன் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஆள் கிடைப்பார்கள். சின்ன ஊர் என்றால் மாருதி, ஹூண்டாய், மிஞ்சிப்போனால் ஹோண்டா, அதோடு ஆசையை நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, காசு. கையில் 3 லட்சம் இருந்தால் வண்டியின் விலை இரண்டரைக்குள் இருக்கட்டும். மீதி ஐம்பதாயிரம் முதல் மூன்று மாதத்தில் தானாகவே போய்விடும், கவலையே வேண்டாம். நாலு டயர் மாற்றினாலே இருபதாயிரம் கிட்ட ஆகிவிடும், அதோடு பேட்டரி, ஆயில், சஸ்பென்ஷன் புஷ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து, டவுனுக்குள் 11, 12 மைலேஜ் தரும் வண்டியில் மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் ஐயாயிரத்துக்கு மேல் பெட்ரோலுக்கே போகும். இதை அப்பா தருவாரா, நீங்களே ஏதாவது பார்ட் டைம் பண்ணி சமாளிப்பீர்களா என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தர்ட் பார்ட்டி பிரீமியம், அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்குக் கட்டும் கட்டாய இன்ஷூரன்ஸ், என்ஜின் சி.சி.யை (கொள்ளளவை)ப் பொறுத்தது. 2022-இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416, 1500-ஐத் தாண்டினால் 7,897. ஜி.எஸ்.டி. தனி. ஹோண்டா சிட்டி 1497 சி.சி., கோட்டுக்கு இந்தப் பக்கம். ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 அந்தப் பக்கம். வருஷா வருஷம் இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்.

எந்த வண்டி?

ஸ்போர்ட்டி என்றால் பின்னால் ஸ்பாய்லர், சைலன்சரில் சத்தம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. எடை குறைவாக, மேனுவல் கியரோடு, ஸ்டியரிங்கில் ரோடு கைக்குத் தெரிகிற மாதிரி, மிதித்தால் போகிற வண்டி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் நம் மார்க்கெட்டில் இந்த விலைக்கு நல்ல சாய்ஸ் இருக்கிறது.

என் ஓட்டு 2008 கடைசியில் வந்து 2013 வரை விற்ற ஹோண்டா சிட்டிக்கு. 1.5 லிட்டர் ஐ-விடெக் என்ஜின், 118 பி.எஸ். (குதிரைத்திறன் மாதிரி ஓர் அளவு), மேனுவல் கியர். பார்க்க ஏதோ பேங்க் மேனேஜர் வண்டி மாதிரி இருக்கும், அது ஒரு வகையில் வசதி, போலீஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் நாலாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல் அந்த என்ஜின் பாடுவதைக் கேட்டவர்கள் லேசில் விட மாட்டார்கள். என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது இதில் டைமிங் செயின், ரப்பர் பெல்ட் இல்லை, அதனால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. குறை என்றால் வண்டி கொஞ்சம் தாழ்வு, நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும்.

அடுத்தது ஸ்விஃப்ட். 2005-இல் வந்த முதல் தலைமுறை 1.3 பெட்ரோல் ஓட்ட நன்றாக இருக்கும், ஆனால் அதில் டைமிங் பெல்ட், வண்டிக்கும் வயசாகிவிட்டது. 2010-க்குப் பிறகு வந்த 1.2 கே-சீரிஸ் என்ஜின் பயப்படாமல் வாங்கலாம். பெரிய பவர் கிடையாது. ஆனால் வண்டி லேசானது, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், ஸ்பேர் மளிகைக் கடையில் கிடைக்காத குறைதான். முதல் கார் என்றால் இதுவே போதும் என்று பெரியவர்கள் சொன்னால் அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் 2015-இல் வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். அவ்வளவு சின்ன வண்டியில் 100 பி.எஸ்., 215 நியூட்டன் மீட்டர் டார்க். மூன்றாவது கியரில் அது இழுக்கும் இழுப்பு அலாதி. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு விலை இறங்கியது, அதனால்தான் நம் பட்ஜெட் பக்கம் வருகிறது. மறைமலை நகரில் அவர்கள் பல வருஷம் வண்டி செய்ததால் சென்னைப் பக்கம் ஃபோர்டு வேலை தெரிந்த ஆட்கள் நிறைய. மற்ற ஊர்க்காரர்கள் மேலே சொன்ன மெக்கானிக் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 105 பி.எஸ்., ஓட்டினால் இறங்க மனசு வராது. ஆனால் அதில் இருக்கும் 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கியரை மாற்றிவிடும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தொடும். வேலைக்குப் போனபிறகு வாங்கிக்கொள்ளலாம். ஃபியட் புன்ட்டோவும் அப்படித்தான், ஸ்டியரிங் அருமை, ஸ்பேருக்கு அலைச்சல்.

டெல்லி வண்டி பற்றிக் கேட்பீர்கள். அங்கே டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று கெடு வைத்ததால் நல்ல நல்ல வண்டிகள் சல்லிசாக வருகின்றன. ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் மறுபடி கட்டி, டி.என். நம்பர் போட்டு முடிப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு கரைந்துவிடும். பரீட்சை நேரத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க ஆசை இருந்தால் செய்யுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். மழை பெய்து வண்டி நனைந்திருந்தால் பெயிண்ட் எல்லாம் ஒரே மாதிரிதான் பளபளக்கும், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். போவதற்கு முன்பே 'வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். வெயிலில் நிற்காத வண்டி சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். குளிர்ந்த என்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் என்ஜினுக்குள் கூலன்ட் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

சென்னை வண்டி என்றால் நான் முதலில் பார்ப்பது வெள்ளத்தில் நின்றதா என்பதைத்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனையோ வண்டிகள் ஸ்டியரிங் வரை மூழ்கின, அதில் பல சுத்தமாகக் கழுவப்பட்டு மறுபடி மார்க்கெட்டுக்கு வந்தன. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கும், ஏனென்றால் கழுவுகிறவர் யாரும் அதுவரை இழுப்பதில்லை. சீட்டை முன்னே தள்ளி ரெயிலிலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைத் தடவுங்கள், மெல்லிசான வண்டல் மண் விரலில் ஒட்டும். டேஷ்போர்டுக்கு அடியில் ஃப்யூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருந்தால் நின்று பேச வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே ஊதுபத்தி, ஸ்ப்ரே என்று வாசனை தூக்கலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான், ஏ.சி. போட்டு கண்ணாடியை ஏற்றிப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஈர வாடை வெளியே வரும்.

அடிபட்ட வண்டியா என்று பார்க்க, பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்களைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஆப்ரனில் (பானெட்டுக்கு அடியில் என்ஜினின் இரண்டு பக்கமும் இருக்கும் தகட்டில்) கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்ட வட்டமாக ஒரே இடைவெளியில் இருக்கும், டிங்கரிங் செய்தது மேடும் பள்ளமுமாகத் தெரியும். கதவில் கீறல், பம்பரில் பெயிண்ட் எல்லாம் நம் ஊரில் சகஜம், அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். கூரையைத் தாங்கும் பில்லரிலோ சேஸிலோ பட்டி பார்த்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

மீட்டரை நம்பாதீர்கள். 42,000 என்று காட்டும், ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கும் இடம் மட்டும் பளபளக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. 40,000 கிலோமீட்டர் ஓடின பத்து வருஷ வண்டியில் நாலு டயரும் மூன்றாவது செட் என்றால் கணக்கு உதைக்கிறது. 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி' என்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கம்பெனி சர்வீஸ் ரிக்கார்டைக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். நாலாவது கியரில் ஐம்பதில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள், ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போயிற்று. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வட்டம் போடுங்கள், டக் டக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். ஏ.சி. போட்டபடி வெயிலில் கால் மணி நேரம் நிறுத்தி டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், போனோடு இணைத்துப் பாருங்கள். பழுது எதுவும் காட்டவில்லை என்று சந்தோஷப்படாமல் வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தையும் திறக்க வேண்டும். அங்கே பலதும் இன்னும் தயாராகவில்லை என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ பழுதுகளை அழித்திருக்கலாம், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும். அவருக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுங்கள். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக்கை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாடிஃபிகேஷன் செய்த வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். ரீமேப் (பவர் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது), தாழ்த்தின ஸ்பிரிங், சத்தமான சைலன்சர் எல்லாம் இருந்தால் முன்னாடி ஓட்டியவரும் உங்களைப் போன்ற ஒருவர்தான், எப்படி ஓட்டியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பேப்பர் வேலை

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வண்டி நம்பரை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, லோன் பாக்கியா, அபராதம் எவ்வளவு எல்லாம் தெரிந்துவிடும். ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல் பேங்க் லோன், இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் லோன் முடிந்ததைக் காட்டும் ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நண்பர் வண்டிதானே, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முந்தின நாள் யாராவது இடித்துவிட்டு வந்திருந்தால் அது உங்கள் தலையில் விழாது.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கோ அப்பா பெயருக்கோ, ஆர்.சி. யார் பெயரில் போகிறதோ அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், உங்களுக்கு ஜீரோவிலிருந்துதான் ஆரம்பம். வண்டி 15 வருஷத்தை நெருங்கினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற செலவையும் விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.

வாங்கின வாரமே என்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி. டைமிங் பெல்ட் வண்டி என்றால் மாற்றின பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் பல என்ஜின்களில் வால்வெல்லாம் வளைந்துவிடும்.

அப்புறம், வேகம் பார்க்க இ.சி.ஆர். வேண்டாம். கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக் டே நடக்கும்போது பணம் கட்டி சொந்த வண்டியிலேயே ஓட்டலாம். போவதற்கு முன் பிரேக் பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நம் சாதாரண இன்ஷூரன்ஸ் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.