உள்ளூர் போலீசும் ஐசிஇ-யும்: அமெரிக்காவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

“எங்கள் ஊர் சரணாலய நகரம், போலீஸ் பிடித்தாலும் ஐசிஇ-க்குத் தெரியாது” என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். (ஐசிஇ என்பது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடிவரவு அமலாக்கப் பிரிவு; அதனுடனான ஒத்துழைப்பைக் கட்டுப்படுத்தும் ஊர்தான் சரணாலய நகரம்.) தெரிந்துவிடும். கைதானவரின் கைரேகையை உள்ளூர் சிறையில் எடுத்து எஃப்பிஐ-க்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போய்விடும். மேயர் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

சரணாலயச் சட்டங்கள் கைவைப்பது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஆளை வெளியே விடும் நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்லி ஐசிஇ சிறைக்கு அனுப்பும் ஐ-247ஏ படிவத்துக்கு டிடெய்னர் என்று பெயர். அது வேண்டுகோள்தான், உத்தரவு அல்ல என்று 2014-இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. கலிபோர்னியாவில் அதற்காக ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது; டெக்சாஸில் 2017 சட்டப்படி வைத்தே ஆக வேண்டும். அதனால் ஜாமீன் கட்ட ஓடுவதற்கு முன் டிடெய்னர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பணம் கட்டிய கையோடு ஆள் ஐசிஇ வண்டியில் ஏறினால், உள்ளூர் வழக்கின் வாய்தாவுக்கு வர முடியாமல் அதுவும் இழுபறியாகும்.

அப்புறம், எல்லா போலீசுக்கும் ஒரே அதிகாரம் என்று நினைப்பது. குடிவரவுச் சட்டத்தில் 1996-இல் வந்த 287(ஜி) பிரிவின்படி ஐசிஇ-யோடு ஒப்பந்தம் போட்ட துறையின் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் குடிவரவு அதிகாரம். ஷெரிஃப் (கவுண்டி எனும் மாவட்டத்தின் போலீஸ் தலைவர்) கையெழுத்திட்டால் அதே கவுண்டியின் நகர போலீசுக்கு அது ஒட்டாது. ரோந்துப் பணியிலேயே போலீசார் குடிவரவு நிலையை விசாரிக்கும் ஒப்பந்த வகை 2012-இல் கைவிடப்பட்டு 2025-இல் திரும்பியிருப்பதால், உங்கள் கவுண்டி எந்த வகை என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வாசலில் நீட்டும் தாளில் ‘வாரண்ட்’ என்றிருந்தால் கையெழுத்தைப் பாருங்கள். ஐ-200 படிவத்தில் இருப்பது குடிவரவு அதிகாரியின் கையெழுத்து, நீதிபதியுடையது அல்ல. அதைக் கண்டு நீங்களே உள்ளே அழைக்க வேண்டியதில்லை.

‘சின்ன கேஸ்தானே, ஒப்புக்கொண்டு முடிச்சிடலாம்’ என்பதுதான் என் பார்வையில் மிக மோசமானது. கடையில் பொருள் எடுத்த வழக்கு அபராதத்தோடு முடியலாம். கிரீன் கார்டு மனுவில் அது பூதாகரமாக வந்து நிற்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே எச்-1பி விசா ரத்தாகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று எச்சரிப்பது வக்கீலின் கடமை என உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.