காற்று மாறினால் கரையும் மாறும்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் குடியேறிய முதல் இரண்டு ஆண்டுகளும் என் காலை நடை ஐப்பசியோடு நின்றுபோனது. வடகடலோரம் நடப்பேன். வாடைக்காற்று கிளம்பியதும் மணல் கண்ணில் அடிக்கும், திரும்பிவிடுவேன். ஒரு நாள் விட்டால் தை வரை விட்ட மாதிரிதான். மனஉறுதி போதவில்லை என்றே நினைத்து வருந்தினேன்.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டு மீனவர் அண்ணன். "வாடைக்கு நாங்கள் படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோய்விடுவோம் தம்பி, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்கு வடகடல். நீ ஏன் ஒரே கரையில் நிற்கிறாய்?" என்றார். பாக் விரிகுடா ஒரு பக்கம், மன்னார் வளைகுடா மறுபக்கம். நடுவில் இருப்பதோ குறுகலான நிலம்.

இப்போது வாசல் தென்னையின் மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன். பெருமழை என்றால் திண்ணையிலேயே 20 முறை உட்கார்ந்து எழுவேன். அளவு குறையலாம், 6 மணி மாறக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை, அரை மணி வீதம் ஐந்து நாளில் எட்டிவிடலாம். போன கார்த்திகையில் தவறியவை மூன்றே நாட்கள். மூன்றும் காய்ச்சலில் படுத்திருந்த நாட்கள்.